வீட்டுக்குள்ளே ஆகாய விமானம்!

பழைய கம்ப்யூட்டர் போதுமா? புதிது வாங்க வேண்டுமா?

இரவு மணி 10.

வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கண்களையும் மறைக்கும்படி ஒரு கறுப்புப் பெட்டியைத் தலையில் மாட்டியிருக்கிறார். கையில் ஒரு பிடி இருக்கிறது.

அவர் தலையை இடப்பக்கம் திருப்புகிறார். கீழே எட்டிப் பார்க்கிறார். "அடேயப்பா!" என்கிறார்.

கீழே இருப்பது சிமெண்டுத் தரைதான். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவது இமயமலை! பனி மூடிய சிகரங்களுக்கு மேலே அவர் விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு "வெர்ச்சுவல் ரியாலிட்டி" என்று பெயர். சுருக்கமாக "வி.ஆர்." என்பார்கள். இல்லாத இடத்தை இருப்பதுபோலக் காட்டும் வித்தை இது.

இது விளையாட்டா? ஆம். பாடமா? அதுவும் ஆம். செலவா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை!

மனைவி கேட்ட கேள்வி

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் உத்தியோகம் பார்க்கிறவர். சிறு வயதில் விமானி ஆக ஆசைப்பட்டார். கண் பார்வை சரியில்லை. ஆசை நிறைவேறவில்லை. இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி, அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார்.

கம்ப்யூட்டர் 2018-ல் வாங்கியது. சாதாரண மானிட்டரில் பார்க்கும்போது விமானம் நன்றாகத்தான் பறந்தது. வி.ஆர். கண்ணாடியை மாட்டியதும் தகராறு வந்துவிட்டது. படம் தத்தித் தத்தி வருகிறது. தலையைத் திருப்பினால் மலை பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வருகிறது. பத்து நிமிஷத்தில் குமட்டுகிறது.

"புதுக் கம்ப்யூட்டர் வாங்கிடலாமா?" என்று மெதுவாகக் கேட்கிறார்.

சேமிப்பில் பணம் இருக்கிறது. ஆனால் அது மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக வைத்த பணம்.

மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னங்க, இந்த மெஷின்ல எது பத்தலை? அதைச் சொல்லுங்க. அப்புறம் வாங்கலாம்."

அவருக்குப் பதில் தெரியவில்லை!

பதில் என்ன என்பதைப் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒரு கதை.

துருத்தியில் பிறந்த விமானம்

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் பிங்காம்டன் என்று ஓர் ஊர். அங்கே லிங்க் என்பவர் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். அவருடைய மகன் எட்வின் லிங்க்.

மகனுக்கு விமானப் பைத்தியம். ஆனால் விமானம் கற்றுக்கொள்ளப் பணம் நிறையச் செலவாயிற்று. "தரையிலேயே கற்றுக்கொண்டால் என்ன?" என்று யோசித்தார்.

ஆர்கன் என்பது காற்றை ஊதி வாசிக்கும் வாத்தியம். அதற்குத் துருத்தி வேண்டும். தொழிற்சாலையில் துருத்திக்குப் பஞ்சமா? அந்தத் துருத்திகளை வைத்தே ஒரு பொம்மை விமானம் செய்தார். உள்ளே உட்கார்ந்து பிடியை அசைத்தால், அது சாயும், நிமிரும், திரும்பும். 1929-ல் அது தயாராகிவிட்டது.

யார் வாங்கினார்கள் தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்! ஜனங்கள் காசு கொடுத்து ஏறி ஆடினார்கள். விமானப் படை திரும்பிப் பார்க்கவில்லை.

1934-ல் நிலைமை மாறியது. தபால் பைகளை விமானத்தில் கொண்டுபோகும் வேலை அமெரிக்க ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மூடுபனியிலும் இருட்டிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட விமானிகளுக்குப் போதிய பழக்கம் இல்லை. சில வாரங்களுக்குள் பல விமானிகள் விபத்தில் மாண்டார்கள்.

அப்போதுதான் லிங்கின் நினைவு வந்தது. ராணுவம் 6 பொம்மை விமானங்களை வாங்கியது. ஒன்றின் விலை 3,500 டாலர்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் மட்டும் 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் லிங்கின் பெட்டிகளில் உட்கார்ந்து பயிற்சி பெற்றார்கள்.

தரையில் பறப்பது வெறும் வேடிக்கை அல்ல என்பது அன்றே தெரிந்துவிட்டது.

பெட்டி வீட்டுக்கு வந்தது

1968-ல் ஐவன் சதர்லாண்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி, தலையில் மாட்டிப் பார்க்கும் கருவியைச் செய்து காட்டினார். அது கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தது. வெறும் கோட்டுப் படங்கள்தான் தெரிந்தன. ஆனால் தலையைத் திருப்பினால் படமும் அதற்கேற்ப மாறியது!

1982-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி, வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் "பிளைட் சிமுலேட்டர்" என்ற விளையாட்டை வெளியிட்டது. அதை உருவாக்கியவர் புரூஸ் ஆர்ட்விக்.

2020 ஆகஸ்டில் அதன் புதிய பதிப்பு வந்தது. உலகம் முழுவதையும் அதில் சுற்றிப் பார்க்கலாம்! அதே ஆண்டு டிசம்பரில் வி.ஆர். வசதியும் சேர்ந்தது.

தொங்கிய கருவியும் விமான விளையாட்டும் ஒன்று சேர்ந்தன. கம்ப்யூட்டருக்குத் திண்டாட்டம் ஆரம்பித்தது!

நொடிக்கு 84 கோடிப் புள்ளிகள்

ஏன் திண்டாட்டம்? ஒரு கணக்கைப் பாருங்கள்.

மானிட்டரில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. சாதாரண மானிட்டரில் அகலவாட்டில் 1,920 புள்ளிகள். உயரவாட்டில் 1,080. மொத்தம் ஏறக்குறைய 21 லட்சம்.

வி.ஆர். கண்ணாடியில் ஒரு கண்ணுக்கு ஒரு படம். மறு கண்ணுக்கு இன்னொரு படம். ஹெச்.பி. கம்பெனி 2020-ல் வெளியிட்ட "ரிவர்ப் ஜி2" என்ற கண்ணாடியில் ஒவ்வொரு கண்ணுக்கும் 2,160-க்கு 2,160 புள்ளிகள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 93 லட்சம்!

மானிட்டரில் நொடிக்கு 60 படம் வந்தால் கண்ணுக்குச் சுகமாக இருக்கும். இந்தக் கண்ணாடியிலோ நொடிக்கு 90 படம் வரவேண்டும். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 84 கோடிப் புள்ளிகள். மானிட்டருக்கு 12 கோடி போதும். வேலை ஏழு மடங்கு ஆகிவிடுகிறது!

ஒரு படத்தை வரைய எவ்வளவு நேரம் கிடைக்கிறது? ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் 11 பங்குதான்.

இந்த நேரத்துக்குள் படம் வராவிட்டால் என்ன ஆகும்? தலை திரும்பிவிடும். படம் திரும்பாது. கண் ஒன்று சொல்லும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்லும். மூளை குழம்பும். வயிறு புரட்டும்!

சமையற்காரரும் பரிமாறுகிறவரும்

கம்ப்யூட்டருக்குள் இரண்டு முக்கிய ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் "பிராசஸர்". விமானம் எங்கே போகிறது, காற்று எப்படி அடிக்கிறது, மேகம் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடுகிறவர் இவர்தான்.

இன்னொருவர் "கிராபிக்ஸ் கார்டு". அந்தக் கணக்கைப் படமாக வரைகிறவர் இவர்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் தாமதமானால், பரிமாற இன்னும் பத்துப் பேரை வைத்து என்ன பயன்? சோறு வெந்து காத்திருக்கும்போது பரிமாற ஆள் இல்லையென்றால், இன்னொரு அடுப்பை மூட்டி என்ன பயன்?

யார் பின்தங்குகிறாரோ, அவரை மாற்றினால்தான் பந்தி நடக்கும்.

காசில்லாமல் ஒரு சோதனை

பின்தங்குகிறவர் யார் என்று கண்டுபிடிக்கலாம். இதற்கு ஒரு பைசாகூடச் செலவில்லை.

நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதைக் கம்ப்யூட்டரே காட்டும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தின் தெளிவைப் பாதியாகக் குறையுங்கள். அதே ஊர், அதே விமானம், அதே மேகம். மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை நன்றாக ஏறினால், குறை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது.

ஏறாமல் அப்படியே நின்றால், குறை பிராசஸரில் இருக்கிறது. புதுக் கார்டு வாங்கினால் பணம் வீண்!

பெரிய நகரங்களுக்கு மேலே போகும்போது மட்டும் படம் நின்று நின்று வந்தால், நினைவகம் போதவில்லையா என்று பாருங்கள். 2020 பதிப்புக்கு 16 ஜி.பி. நினைவகம் நல்லது என்றார்கள். 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்புக்கு 32 ஜி.பி. என்றார்கள். நான்கே ஆண்டில் இரட்டிப்பு!

தரை மட்டும் மங்கலாகத் தெரிந்தால், கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள். ஊர்களின் படம் இண்டர்நெட் வழியாக வருகிறது. இணைப்பு மந்தமாக இருக்கலாம்.

பாதி வேகம் போதும்

நொடிக்கு 90 படம் கட்டாயம் வேண்டுமா? வேண்டியதில்லை!

கம்ப்யூட்டர் 45 படம் வரைந்தால், இடையில் வரவேண்டிய படங்களைக் கண்ணாடியின் மென்பொருளே இட்டு நிரப்பும். சுழலும் விசிறியின் ஓரம் கொஞ்சம் நெளியும். அவ்வளவுதான்.

துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு இது ஒத்துவராது. விமானத்துக்கு ஒத்துவரும். காரணம், மலையும் மேகமும் தொலைவில் இருக்கின்றன. அவை மெதுவாகத்தான் நகரும்.

மேகத்தின் நயத்தைக் குறைக்கலாம். மரங்களைக் குறைக்கலாம். விமான நிலையத்தில் நிற்கும் மற்ற வண்டிகளைக் குறைக்கலாம். முன்னால் இருக்கும் முள்களும் எண்களும் தெளிவாகத் தெரிந்தால் போதும். விமானிக்கு வேண்டியது அதுதானே?

வாங்கும்போது ஜாக்கிரதை!

கார்டு வாங்குவதாக இருந்தால் மின்சாரப் பெட்டியைக் கவனியுங்கள். 2016-ல் வந்த "ஜிடிஎக்ஸ் 1070" கார்டு 150 வாட் மின்சாரம் எடுக்கும். 2022-ல் வந்த "ஆர்டிஎக்ஸ் 4080" கார்டு 320 வாட் எடுக்கும். அதற்கு 750 வாட் மின்சாரப் பெட்டி வேண்டும் என்கிறது அதைச் செய்த கம்பெனி. கார்டின் விலை, வெளிவந்தபோது 1,199 டாலர். அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய்!

பெரிய கார்டு, பழைய பெட்டிக்குள் நுழையுமா என்று அளந்தும் பாருங்கள்.

பிராசஸரை மாற்றுவதாக இருந்தால் "மதர்போர்டு" ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் பெரிய லாபம். ஏ.எம்.டி. கம்பெனி 2022-ல் "ரைசன் 7 5800எக்ஸ்3டி" என்ற பிராசஸரை வெளியிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பல போர்டுகளில், மென்பொருளைத் திருத்திய பிறகு, அது பொருந்தியது. விமானம் ஓட்டுகிறவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் போர்டு, பிராசஸர், சில சமயம் நினைவகம் எல்லாமே மாறவேண்டும்.

கண்ணாடி விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். முன்பு சொன்ன ரிவர்ப் ஜி2 கண்ணாடி, விண்டோசில் இருந்த ஒரு மென்பொருளை நம்பி வேலை செய்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் "24எச்2" பதிப்பில் அந்த மென்பொருளை மைக்ரோசாப்ட் எடுத்துவிட்டது. கண்ணாடி உடையவில்லை. கீறல்கூட விழவில்லை. ஆனாலும் புதுப் பதிப்புக்கு மாறியவர்களுக்கு அது வழக்கம்போல் வேலை செய்யவில்லை!

ஆகவே, "பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இது பாடத்துக்கு உதவுமா?

உதவும். 2021-ல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம், வி.ஆர். கண்ணாடியில் இயங்கும் ஒரு ஹெலிகாப்டர் பயிற்சிக் கருவிக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தது. அது சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டது.

ஆனால் வீட்டில் ஓட்டிய மணிகள் லைசென்சுக் கணக்கில் ஏறமாட்டா. அனுமதி பெற்ற கருவியில் ஓட்டினால்தான் ஏறும்.

பிள்ளைகள் கேட்டால் உடனே மாட்டிவிடாதீர்கள். மெட்டா கம்பெனி தன் கண்ணாடிக்கு 10 வயது என்று வரம்பு வைத்திருக்கிறது. அதுவும் பெற்றோரின் மேற்பார்வையில்தான். பெரியவர்களும் ஆரம்பத்தில் பத்து நிமிஷத்தோடு நிறுத்துவது நல்லது. குமட்டல் வந்தால் அப்போதே கழற்றிவிட வேண்டும்.

அந்த வீட்டில் என்ன ஆயிற்று?

நம் கணவர் சோதனை செய்தார். முதலில் நொடிக்கு 24 படம் வந்தது. தெளிவைப் பாதியாக்கியதும் 44 ஆயிற்று.

"கண்டுபிடிச்சிட்டேன்! பிராசஸர் மேல குத்தமில்லை. கார்டுதான் பத்தலை!" என்றார்.

"அப்போ கார்டு மட்டும் வாங்குங்க" என்றாள் மனைவி.

அவர் பெரிய கார்டு வாங்கவில்லை. இருக்கும் மின்சாரப் பெட்டி தாங்குகிற நடுத்தரக் கார்டு ஒன்றும், கூட 16 ஜி.பி. நினைவகமும் வாங்கினார். மேகத்தையும் மரத்தையும் கொஞ்சம் குறைத்தார். 45 படம் நிதானமாக வந்தது. குமட்டல் நின்றது. கல்லூரிப் பணம் பாங்கியிலேயே இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்டாள்: "எங்க ஊரு இதுல தெரியுமா?"

கண்ணாடியை மாட்டிவிட்டார். விமானத்தை அவரே ஓட்டினார். அவள் வேடிக்கை பார்த்தாள். ஏரி தெரிந்தது. ஏரிக்கரை ரோடு தெரிந்தது. பிறந்த வீடு மட்டும் மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

"பத்து நிமிஷம் ஆயிடுச்சு. கழட்டிடு" என்றார் கணவர்.

"கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஒரே ஒரு சுத்து!" என்றாள் மனைவி.