கூத்தும் வோட்டும்

தேர்தல் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் பாட்டுக் கச்சேரி வைப்பதா, திரை நட்சத்திரத்தை அழைப்பதா என்று ஊழியர்கள் ஆலோசிக்கும்போதெல்லாம், “இது சினிமாக்காரர்கள் வந்தபிறகு பிடித்த வியாதி” என்று பெரியவர்கள் சிலர் முகஞ்சுளிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நலம். இவ்வழக்கத்துக்கு மூலபுருஷர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால், அவர் நமது புதுக்கோட்டைச் சீமையில், திருமயத்தில், 1887ல் பிறந்த ஸ்ரீ எஸ். சத்தியமூர்த்தியே ஆவார்.

வக்கீல், ஆங்கிலத்திலும் தமிழிலும் சண்டமாருதம்போல் பேசவல்லவர். அத்தகையவரே பேச்சு மட்டும் போதாது என்று கண்டுகொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. சென்னை சுகுண விலாச சபையில் தாமே வேஷங்கட்டி ஆடியவராதலால், கூத்தாடிகள் என்று ஊர் ஒதுக்கிவைத்தவர்களைத் தேசீய மேடையில் உட்காரவைக்க அவர் கூசவில்லை. 1937ஆம் வருஷத் தேர்தலில் ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாள் காங்கிரஸுக்காகப் பாடி வோட்டுக் கேட்டார். சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159 காங்கிரஸுக்குக் கிடைத்தன. பாட்டினால்தான் ஜயம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது தடியடிபட்டவர்களுக்கு அநியாயமாகும். ஆனால் பத்திரிகை நுழையாத வாசலில் அந்தக் குரல் நுழைந்தது. (சமஸ்தானத்துப் பிரஜைகளாயிருந்த நம் முன்னோருக்கு அத்தேர்தலில் வோட்டே கிடையாது என்பது ஒரு வேடிக்கை. 1948 மார்ச்சில்தான் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது.)

அந்நாளில் மேடையேறித் தேசீயம் பாடுவது லாபத்துக்கான தொழிலன்று. 1876ஆம் வருஷத்து நாடகச் சட்டம் ஸர்க்கார் கையில் இருந்தது. ஸ்ரீ விசுவநாத தாஸ் பாடியதற்காகவே பலமுறை சிறை புகுந்தார். நமது ஜில்லாவில் இன்றும் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமண நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். தினைப்புனத்தில் பறவைகளை ஓட்டும் கட்டம் வரும். அங்கே விரட்டப்படும் வெள்ளைக் கொக்கு யார் என்று சபையோருக்கு ஒருவரும் விளக்கவேண்டியதில்லை. கொட்டகைக்கு வெளியே நின்ற போலீஸாருக்கும் விளக்கவேண்டியதில்லை. 1940 டிசம்பர் 31ந் தேதி சென்னையில் முருகன் வேஷத்தோடேயே அவர் மேடையில் உயிர் நீத்தார். ஒரு பாட்டுக்கு விலை சிறைவாசம் என்றிருந்தபோது, பாடினவனுடைய வார்த்தையைக் கேட்டவன் நம்பினதில் ஆச்சரியமென்ன?

பின்னர் திராவிட இயக்கத்தார் இந்த வித்தையை நாடகக் கொட்டகையிலிருந்து வெள்ளித்திரைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ரீ அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ 1949ல் படமாக வந்தது. அவர் கொள்கையை ஏற்காதவர்களும் அந்த வசனத்தில் வாதம் இருந்ததை மறுக்கமாட்டார்கள். 1967 தேர்தலில் வேறொன்று நிகழ்ந்தது. ஜனவரி 12ந் தேதி சுடப்பட்ட ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கழுத்துக் கட்டுடன் கூடிய அவருடைய படமே தெருத்தெருவாகச் சென்று வோட்டுக் கேட்டது. வேட்பாளர் வாய் திறக்காமலே வென்றார். வாதத்தின் இடத்தில் முகம் வந்து உட்கார்ந்தது அப்போதுதான் என்பது நமது அபிப்பிராயம். சாட்சியின் முகத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்படி கோர்ட்டில் கேட்டால் எந்த வக்கீலாவது சம்மதிப்பானா?

2025 செப்டம்பர் 27ந் தேதி, நமக்கு அண்டையிலுள்ள கரூரில், நடிகராயிருந்து கட்சித் தலைவரான ஒருவரைப் பார்க்க மணிக்கணக்கில் காத்திருந்த ஜனங்களுள் 41 பேர் நெரிசலில் மாண்டனர். குழந்தைகளும் அதில் உண்டு. குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது நமது வேலையன்று. ஆனால் தலைவர் பேச்சைக் கேட்க வந்தவர் எத்தனை பேர், முகத்தைப் பார்க்க வந்தவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கட்சிக்காரரும் தம் கூட்டத்தைப்பற்றி நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

ஆகவே கலையைக் கைவிட்டுவிடலாமென்றால், அதற்கும் நாம் உடன்படோம். 1991ல் நமது ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தது. கலைக்குழுக்கள் கிராமம் கிராமமாகப் போய் வீதி நாடகம் ஆடின. வோட்டுக்காக அல்ல, எழுத்துக்காக. நட்சத்திரம் ஒருவருமில்லை. கலெக்டராயிருந்த ஸ்ரீமதி ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தில் சேர்த்தார். தொண்டர் ஒருவர் கட்டிய சைக்கிள் பாட்டைக் கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் தாங்களே பாடினார்கள். கேட்பவர் பாடுபவராக மாறினதைத்தான் இங்கே நாம் விசேஷமாகக் குறிப்பிடுகிறோம். ஒரு லக்ஷம் பெண்கள்வரை சைக்கிள் ஓட்டக் கற்றனர். பெண்கள் சைக்கிள் போதாமற்போகவே ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு.

அந்தக் குழுக்களில் ஆடியவர்களும் பாடியவர்களும் இன்னும் நமது கிராமங்களில் இருக்கிறார்கள். ஊழியர்கள் அடுத்த கூட்டத்துக்குப் பாட்டுக் கச்சேரிக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒருமுறை போய்வரட்டும்.