சர்ச்சுக்குள் வந்த உயிர் காக்கும் ஸ்பிரே: அமெரிக்க கறுப்பின மக்களுக்கு போதை விழிப்புணர்வு அங்கே ஏன் கற்றுத்தரப்படுகிறது?

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கூடும் பல சர்ச்களில் முதலுதவிப் பொருட்களோடு இப்போது ஒரு மூக்கு ஸ்பிரேவும் இருக்கிறது. அதன் பெயர் நலோக்சோன். போதை மருந்து அளவு மீறி, மூச்சு நின்றுபோகும் நிலையில் இருப்பவரை சில நிமிடங்களில் மீட்கக்கூடிய மருந்து இது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சர்ச் உறுப்பினர்களுக்கு வகுப்பும் எடுக்கிறார்கள்.

"போதை பாவம், விட்டுவிடு" என்று மட்டுமே கேட்டுவந்த இடத்தில் மருந்தும் மருத்துவமும் எப்படி நுழைந்தன? டாக்டரிடம் போகாதவர்கள் சர்ச்சுக்கு ஏன் வருகிறார்கள்? இதில் சிக்கலே இல்லையா?

பிரச்னை எவ்வளவு பெரியது?

2021-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் 1 லட்சத்துக்கும் அதிகமானோர் 'ஓவர்டோஸ்', அதாவது போதைப்பொருள் அளவு மீறியதால் இறந்தனர். இதில் முக்கியக் காரணம் ஃபென்டனில். ஹெராயினைவிட சுமார் 50 மடங்கு வீரியம் கொண்ட செயற்கை ஓபியாய்டு இது.

தொடக்கத்தில் இது வெள்ளையினத்தவரின் பிரச்னையாகவே ஊடகங்களில் பேசப்பட்டது. ஆனால் நிலைமை மாறிவிட்டது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி, 25 மாநிலங்கள் மற்றும் தலைநகர் வாஷிங்டனின் தரவுகளை ஆராய்ந்தது. 2019-ல் இருந்து 2020-க்குள் ஓவர்டோஸ் மரண விகிதம் வெள்ளையினத்தவரிடையே 22% உயர்ந்திருந்தது. கறுப்பினத்தவரிடையே அது 44% உயர்ந்திருந்தது. அதாவது, சரியாக இரண்டு மடங்கு.

அதைவிட அதிர்ச்சி தருவது முதியவர்களின் நிலை. 65 வயதைக் கடந்த கறுப்பின ஆண்களின் ஓவர்டோஸ் மரண விகிதம், அதே வயது வெள்ளையின ஆண்களைவிட கிட்டத்தட்ட 7 மடங்கு.

ஏன் இப்படி? பல ஆண்டுகளாக கொக்கைன் பயன்படுத்தி வந்தவர்களின் கைக்கு, அவர்களுக்கே தெரியாமல் ஃபென்டனில் கலந்த சரக்கு வந்து சேர்கிறது. ஓபியாய்டு பழகாத உடம்பு அதைத் தாங்காது. "நான் ஹெராயின் தொட்டதே இல்லையே, எனக்கு என்ன ஆகிடப் போகுது" என்று நினைப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

டாக்டர் இருக்கும்போது பாஸ்டர் எதற்கு?

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்வதென்றால், நம்பிக்கை. மருத்துவத் துறை மீது கறுப்பின மக்களுக்கு இருக்கும் சந்தேகம் சும்மா வந்ததல்ல.

அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அரசு சுகாதாரத் துறையே ஓர் ஆய்வை நடத்தியது. சிபிலிஸ் நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களை, சிகிச்சை தராமல் வெறுமனே கண்காணித்தார்கள். பென்சிலின் அந்த நோயைக் குணப்படுத்தும் என்று தெரிந்த பிறகும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. இந்தக் கதை இன்றும் குடும்பங்களில் பேசப்படுகிறது.

அடுத்தது, போலீஸ் பயம். 1986-ல் வந்த சட்டப்படி, 5 கிராம் 'கிராக்' கொக்கைன் விற்றால் குறைந்தது 5 ஆண்டு சிறை. பவுடர் கொக்கைனுக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் பிடிபட வேண்டும். கிராக் வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். 2010-ல்தான் இந்த 100-க்கு 1 விகிதம் 18-க்கு 1 ஆகக் குறைக்கப்பட்டது. போதைப் பழக்கத்தை வெளியில் சொன்னால் ஜெயில்தான் என்று ஒரு தலைமுறையே வாயை மூடிக்கொண்டது.

மூன்றாவது, சிகிச்சையே கைக்கு எட்டாதது. ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் என இரண்டு முக்கிய மருந்துகள் உண்டு. பியூப்ரினார்ஃபினை மருந்துக் கடையில் வாங்கி வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். மெத்தடோனுக்கு உரிமம் பெற்ற கிளினிக்குக்கு, பெரும்பாலும் தினமும் போய் வரிசையில் நிற்க வேண்டும். இதில் எளிதான பியூப்ரினார்ஃபின், வெள்ளையினத்தவர்களுக்கே அதிகம் பரிந்துரைக்கப்படுவதாக ஆய்வுகள் காட்டின.

சர்ச்சோ பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. அடிமைமுறைக் காலத்தில் இருந்தே கறுப்பின மக்கள் தாங்களே நடத்திவரும் அமைப்பு அது. ரத்த அழுத்தப் பரிசோதனையில் இருந்து கொரோனா தடுப்பூசி வரை அங்கே நடந்திருக்கிறது.

சர்ச்சுக்கு இது புதுசா?

இல்லை. 1990-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களைக் குறிவைத்து வைக்கப்பட்டிருந்த மது, சிகரெட் விளம்பரப் பலகைகள் மீது வெள்ளை பெயின்ட் அடிக்கும் போராட்டத்தை நடத்தியவர் கால்வின் பட்ஸ். அபிசீனியன் பேப்டிஸ்ட் சர்ச்சின் பாஸ்டர்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் கிளைடு சர்ச்சில், 1980-களின் இறுதியில் கிராக் அலை வீசியபோது பாஸ்டர் செசில் வில்லியம்ஸ் மீட்புக் குழுக்களைத் தொடங்கினார். அடிமையானவர் தன் கதையைத் தன் மக்கள் முன் தானே சொல்வதுதான் கறுப்பின மக்களுக்குப் பொருந்தும் என்பது அவரது வாதம்.

'இமானி' திட்டத்தில் என்ன நடக்கிறது?

இப்போது அதிகம் பேசப்படும் முயற்சி, கனெக்டிகட் மாநிலத்தின் 'இமானி பிரேக்த்ரூ'. இமானி என்றால் சுவாஹிலி மொழியில் நம்பிக்கை. யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் அயானா ஜோர்டனும் ஆய்வாளர் ஷைரெல் பெல்லமியும் சர்ச்களோடு சேர்ந்து உருவாக்கிய திட்டம் இது. கறுப்பின, லத்தீனோ சர்ச்களில் நடக்கிறது. மாநில அரசு நிதி தருகிறது.

மொத்தம் 22 வாரங்கள். முதல் 12 வாரம் குழு வகுப்பு, அடுத்த 10 வாரம் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம். வழிநடத்துபவர்கள் சர்ச்சைச் சேர்ந்தவர்களும், தாங்களே போதையில் இருந்து மீண்டவர்களும்.

பேச்சு போதையோடு நிற்பதில்லை. உடல்நலம், வேலை, பணம், உறவு, குடியிருப்பு என எல்லாமே வருகிறது. ஒருவருக்கு வீடு இல்லையென்றால், வீட்டுக்கு வழி தேடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி. மருந்து சிகிச்சை வேண்டுபவருக்கு அதற்கான வழியும் காட்டப்படுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. வகுப்புக்கு வர, போதையை முதலில் முழுசாக விட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "விட்டுட்டு வா" என்பதற்குப் பதில் "முதல்ல வா" என்கிறார்கள். ஆபத்தைக் குறைத்து உயிரைக் காப்பாற்றுவதே முதல் இலக்கு.

நலோக்சோன் வகுப்பில் சொல்லித்தருவது என்ன?

- அறிகுறிகள்: எழுப்பினாலும் எழாமல் இருப்பது, மூச்சு மெதுவாவது அல்லது நிற்பது, உதடும் நகமும் நிறம் மாறுவது, கண்மணி ஊசிமுனை போல சுருங்குவது.

- உடனே அவசர எண் 911-ஐ அழைக்க வேண்டும். உதவிக்கு அழைப்பவர் மீது போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்கு போடாமல் பாதுகாக்கும் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது.

- ஸ்பிரேயை ஒரு மூக்குத்துளையில் வைத்து அழுத்த வேண்டும். 2, 3 நிமிடத்தில் அசைவு இல்லையென்றால் அடுத்த டோஸ்.

- மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை தனியாக விடக்கூடாது. மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடங்களில் குறைந்துவிடும். அதன்பின் மூச்சு மறுபடி நிற்கலாம்.

மயங்கிக் கிடப்பவர் உடம்பில் ஓபியாய்டு இல்லையென்றாலும் இந்த ஸ்பிரேயால் கெடுதல் இல்லை. 2023 மார்ச்சில், மருத்துவர் சீட்டு இல்லாமலே இதை விற்க அமெரிக்க அரசு அனுமதித்தது.

சர்ச்சே தடையாக இருப்பது உண்டா?

உண்டு. இந்த முயற்சியின் கடினமான பகுதியும் இதுதான்.

தன் மகன் ஓவர்டோஸில் இறந்ததை சர்ச்சில் சொல்ல முடியாமல், "மாரடைப்பு" என்று சொல்லி அடக்கம் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. ஜெபம் செய்தால் போதும் என்று சொல்லி சிகிச்சையைத் தள்ளிப்போட வைப்பதும் நடக்கிறது. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடிக்கிறான்" என்று பியூப்ரினார்ஃபின் எடுப்பவரைக் குத்திக்காட்டுகிறார்கள். அந்தப் பேச்சுக்காக மருந்தை நிறுத்துபவருக்கு ஆபத்து இரட்டிப்பு. இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் அது உயிரைக் குடிக்கலாம்.

அதனால் இந்தப் பாடம் உண்மையில் இரண்டு பக்கமும் நடக்க வேண்டியிருக்கிறது. மக்களுக்கு போதையின் ஆபத்து, சர்ச்சுக்கு அடிமைத்தனம் என்பது சிகிச்சை தேவைப்படும் நோய் என்ற புரிதல். பிரசங்கத்தில் பாஸ்டர் பயன்படுத்தும் ஒரு வார்த்தை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த வாரம் வருவாரா, மாட்டாரா என்பதை முடிவு செய்துவிடும்.

அரசுப் பணமும் மதமும் கலக்கலாமா?

2000-ம் ஆண்டில் வந்த சட்டப்படி, போதை சிகிச்சைக்கான மத்திய அரசு நிதியை மத அமைப்புகளும் பெறலாம். ஆனால் அந்தப் பணத்தை வழிபாட்டுக்கோ மதப் பிரசாரத்துக்கோ செலவிடக்கூடாது. மதத்தைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. மத அமைப்பு வேண்டாம் என்பவருக்கு வேறு இடத்தில் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும்.

நடைமுறையில் இந்தக் கோடு எங்கே முடிகிறது என்ற விவாதம் ஓயவில்லை. சர்ச்சோடு ஒட்டாத இளைஞர்களும், பாலின அடையாளத்தால் சர்ச்சில் ஒதுக்கப்பட்டவர்களும் இந்தக் கதவு வழியாக வருவது கடினம். அவர்களுக்கு வேறு கதவுகளும் திறந்திருக்க வேண்டும்.

இப்போது நிலைமை என்ன?

2024-ல் அமெரிக்காவின் ஓவர்டோஸ் மரணங்கள் சுமார் 80 ஆயிரமாகக் குறைந்ததாக சிடிசியின் முதற்கட்டக் கணக்கு சொல்கிறது. முந்தைய ஆண்டைவிட இது கால்வாசிக்கும் மேல் குறைவு. நலோக்சோன் பரவலாகக் கிடைப்பதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 2023-ல் வெள்ளையினத்தவரிடையே மரண விகிதம் இறங்கத் தொடங்கியபோது, கறுப்பினத்தவரிடையே இறங்கவில்லை.

மருந்து கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அது தேவைப்படும் வீட்டுக்குப் போய்ச் சேர்வதில்தான் தாமதம். அந்த வீட்டுக்காரர்கள் பயப்படாமல் நுழையும் இடங்களில் ஒன்று சர்ச் என்பதால், பாடம் அங்கே நடக்கிறது.