மூளைக்காய்ச்சலும் நெல்வயற் கொசுவும்

சங்கக் கணக்கில் நோய்க்கென்று தனிப் பக்கம் இல்லை. ஆயினும் தவணை தவறிய கடன்கள் பலவற்றின் பின்னே ஒரு நோய் நிற்பதைத் தணிக்கைக்குச் செல்லும்போது நாம் கண்டு வருகிறோம். மேட்டூர்க் கிழக்குக் கரை வாய்க்கால் பாயும் பகுதியில், நெல்வயல்களை அடுத்த நெசவாளர் சங்கம் ஒன்றில் அங்கத்தினர் ஒருவரின் கடன் நின்றுபோயிருந்தது. விசாரித்ததில், அவருடைய ஆறு வயது மகனுக்குக் காய்ச்சலும் வலிப்பும் கண்டதும், 'காத்துக் கருப்பு' என்று இரண்டு நாள் மந்திரிப்பதில் கழிந்ததும் தெரியவந்தன. பையன் பிழைத்தான், வலக்கை மட்டும் முன்போல் இயங்கவில்லை. "கொசுவால வந்த மூளைக்காய்ச்சல்னு டாக்டர் சொன்னாருங்க. கடிச்சது தோல்லே, கெட்டது மூளையா? அதெப்படிங்க ஐயா?" என்று அவர் கேட்டார். அங்கத்தினர் அனைவருக்கும் பயன்படும் வினாவாதலால் இங்கு விடை கூறுகிறோம்.

மூளைக்காய்ச்சலுக்குக் காரணங்கள் பல. கொசுவால் வருவனவற்றுள் நம் நாட்டில் முதன்மையானது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பெயர் அயல்நாட்டதாயினும், இந்தியாவில் இந்நோயாளிகள் முதன்முதலில் அறியப்பட்டது 1955-இல், நம் வேலூரிலேயே. 2005-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியில் இந்நோய் பரவியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

இதன் வைரஸ் கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிடத்தும் பன்றிகளிடத்தும் பெருகுகிறது. நெல்வயலில் தேங்கும் நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அவற்றைக் கடித்துப் பின் மனிதனையும் கடிக்கிறது. மனிதனிடமிருந்து மனிதனுக்கு இந்நோய் தொற்றாது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைப்பது தவறு.

கொசு கடிக்கையில் அதன் உமிழ்நீரோடு வைரஸ் தோலுக்குள் புகுகிறது. அங்கும், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் பெருகிய பின் இரத்தத்தில் கலக்கிறது. பெரும்பாலோருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தி அதனை இந்நிலையிலேயே அழித்துவிடுகிறது. மேலும், மூளைக்கு இயற்கை ஒரு தனிக் காவல் அமைத்துள்ளது. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர், நெருக்கி நெய்த துணி போன்று, வேண்டாத பொருள்களை உள்ளே விடுவதில்லை. சிலரிடத்து வைரஸ் இக்காவலையும் கடந்து நரம்பணுக்களில் புகுந்து அவற்றை அழிக்கிறது. அதனை எதிர்க்க உடல் ஏவும் அணுக்களே அழற்சியை உண்டாக்கி, நல்ல அணுக்களையும் கெடுக்கின்றன. காவற்சுவரும் மேலும் நெகிழ்கிறது. மூளை வீங்குகிறது, மண்டையோடோ விரிவதில்லை. இதனாலேயே கடுந்தலைவலி, வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு ஆகியன தோன்றுகின்றன. உடலசைவை ஒழுங்குபடுத்தும் உட்பகுதிகள் தாக்கப்படுவதால் கைகால் விறைப்பும் நடுக்கமும் உண்டாகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வைரஸ் தொற்றிய சுமார் 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. அவ்வாறானவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கின்றனர்; பிழைப்பவர்களிலும் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு நிலையான ஊனம் ஏற்படுகிறது. இவ்வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. மருத்துவமனையில் வலிப்பை அடக்கி, மூச்சையும் நீர்ச்சத்தையும் காத்து உயிரைப் பேணுகின்றனர். ஆகவே வருமுன் காத்தலே வழி.

நோய் நிலவும் மாவட்டங்களில் அரசு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது: 9-ஆம் மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொன்று. நம் பகுதியின் ஏற்பாட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிக. இக்கொசு அந்திக்குப் பின் கடிப்பது. எனவே மாட்டுத்தொழுவின் அருகிலும் வாசற் கட்டிலிலும் குழந்தைகளைக் கொசுவலையின்றி உறங்க விடலாகாது. பன்றிக் கொட்டில் குடியிருப்பை விட்டுத் தொலைவில் இருத்தல் வேண்டும்.

விவசாய அங்கத்தினர் கையிலும் ஒரு கருவி உண்டு. வயலில் எப்போதும் நீர் நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்தால் கொசுப்புழு முதிருமுன் நீர் வற்றிவிடும். மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் இம்முறையோடு வேப்பம் பிண்ணாக்குப் பூசிய யூரியாவையும் இட்டுச் சோதித்தபோது, வயலில் இக்கொசுக்களின் பெருக்கம் குறைந்தது. நீரும் மிச்சமாகும். ஆனால் ஒருவர் வயல் காய்ந்து அடுத்தவர் வயல் தேங்கினால் பயன் சிறிது. வாய்க்கால் முழுவதும் ஒன்றுபட வேண்டும்.

காய்ச்சலோடு வலிப்போ, பிதற்றலோ, எழுப்பியும் எழாத மயக்கமோ கண்டால் ஒரு மணி நேரமும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. மேற்கூறிய அங்கத்தினரின் தவணையை நீட்டிக்கச் சங்கம் தீர்மானித்தது. பணத்திற்குத் தவணை நீட்டலாம். அந்த இரண்டு நாளைத் திருப்பித் தர எந்தச் சங்கத்தாலும் இயலாது.