சேற்றில் நின்று மூச்சு விடும் உயிர்கள்

குளத்து மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மீன் வளர்ப்பவர்களுக்கு அது கெட்ட அறிகுறி. பகலில் வெயிலைக் கொண்டு ஆக்சிஜன் விடும் பாசிகள், இருட்டியதும் மீன்களோடு சேர்ந்து தாமும் அதை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ஆகக் குறைந்திருக்கும்.

தண்ணீரில் அது எப்போதுமே கொஞ்சம்தான். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உண்டு. நம் ஊர் வெயிலில் கிடக்கும் ஒரு லிட்டர் நன்னீரில் முழுக்கக் கரைந்திருந்தாலும் 6 மில்லிலிட்டரைத் தாண்டாது. காற்றில் பரவுவதைப் போல அது தண்ணீரில் பரவுவதும் இல்லை. வேகம் சுமார் 10,000 மடங்கு மட்டு. தண்ணீர் நிற்கும் சேற்றிலோ மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் கீழே போனாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே வாழ வேண்டுமென்றால் காற்றுக்கு வழி தேடித்தான் ஆக வேண்டும்.

பனையேறிக் கெண்டை அப்படித் தேடிய மீன். 1791-ல் தரங்கம்பாடியில், ஒரு பனைமரத்தில் தண்ணீருக்கு ஐந்தடி மேலே இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக டேனிஷ் கம்பெனியின் படை அதிகாரி டால்டார்ஃப் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797-ல் வெளியிட்டது. மரமேறும் கதையை அறிஞர்கள் நெடுநாள் சந்தேகித்தார்கள். ஆனால் முள் வைத்த செவுள் மூடியை ஊன்றி, வாலால் உந்தி, ஈரத் தரையில் அது நகர்ந்து போவது உண்மை. என்னை அதைவிட வியக்க வைப்பது அதன் தலைக்குள் இருக்கும் அமைப்பு. செவுளுக்கு மேலே ஓர் அறை; அதற்குள் மடிப்பு மடிப்பாக மெல்லிய எலும்புத் தகடுகள்; அவற்றின் மேல் ரத்த நாளங்கள் நிறைந்த தோல். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அங்கே வைத்துத்தான் ஆக்சிஜனை எடுக்கிறது. கரியமில வாயு தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் அதன் பெரும்பகுதியைச் செவுள் வழியாக நீரிலேயே விட்டுவிடுகிறது. ஆக, வாங்குவது காற்றில், கொடுப்பது தண்ணீரில். மேலே வர விடாமல் தடுத்தால் இந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். விராலும் இந்த ரகம்தான். சந்தையில் கையளவு தண்ணீரில் அது மணிக்கணக்காக உயிரோடு கிடப்பது அதனால்தான்.

மேலே வந்துபோக முடியாத செடி என்ன செய்யும்? நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு. இலை வாங்கும் காற்று அவற்றின் வழியே வேர்நுனிவரை இறங்குகிறது. வயலில் நிற்கும் நெற்பயிரைப் பிடுங்கி அலசிப் பாருங்கள், வேரில் செம்பழுப்பாக ஒரு படிவு தெரியும். வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் சேற்றிலிருந்த இரும்பைத் துருவாக்கிய தடம் அது. அதே பாதை புகைபோக்கியாகவும் வேலை செய்கிறது. சேற்றில் உருவாகும் மீத்தேனில் பெரும்பகுதி நெற்பயிரின் வழியாகவே வெளியேறுகிறது. தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டினால் மீத்தேனும் குறையும், தண்ணீரும் மிச்சம்.

அலையாத்தி மரங்கள் இன்னும் கடினமான இடத்தில் நிற்கின்றன. முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் அலை வற்றிய நேரத்தில் பார்த்தால், அவிசீனியா மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் விரலாக ஆயிரக்கணக்கில் வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இவை மூச்சு வேர்கள். ஒவ்வொன்றின் பட்டையிலும் நுண்துளைகள் இருக்கும். காற்று அவற்றின் வழியே நுழையும், தண்ணீர் நுழையாது. அலை ஏறி மூடும்போது வேர் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. வெளியான கரியமில வாயுவும் நீரில் கரைந்துபோகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அலை வற்றித் துளைகள் வெளியே தெரிந்ததும் புதுக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. கடல் ஏறி இறங்க, மரம் மூச்சு விடுகிறது.

இதை அளந்து காட்டியவர்கள் ஸ்கொலாண்டரும் அவருடைய குழுவினரும். 1955-ல் வெளியான அவர்களின் ஆய்வில், தாங்கு வேர்கள் கொண்ட சுரபுன்னை இனத்து மரத்தின் துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்தபோது, சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் சரசரவென்று வீழ்ந்தது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, அங்குள்ள அலையாத்தி மரங்களின் மேல் கறுப்பாகப் படிந்தது. அந்த ஆய்வில் கிரீஸ் செய்த வேலையைத்தான் இத்தகைய எண்ணெய்ப் படலமும் செய்கிறது. இலை பச்சையாகத் தெரிகிறதே என்று ஆறுதல்படக் கூடாது. கேடு முதலில் வேரில்தான் தொடங்கும். படிந்த பிறகு ஆட்களை இறக்கித் துடைத்தால் மிதிபட்டே மூச்சு வேர்கள் முறிந்துபோகும். எண்ணெய் கழிமுகத்துக்குள் நுழையும் முன்பே மிதவைத் தடுப்புகளால் மறித்துவிட வேண்டும். அதற்கான ஏற்பாடு ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.