ஏப்ரலோடு முடிகிற கணக்கு வாத்தியார் வேலை

பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டு அலகுகள். வரலாற்றில் ஒரு பாடம் விட்டுப்போனாலும் அடுத்ததைப் படித்துக்கொள்ளலாம். இயற்கணிதம் பிடிபடாத பிள்ளைக்கு ஆயத்தொலை வடிவியல் ஓடவே ஓடாது. அப்படிப்பட்ட கணக்குப் பாடத்தைத்தான் பல அரசுப் பள்ளிகளில் தற்காலிக ஆசிரியர்களை வைத்து ஓட்டுகிறோம்.

2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்பத் தமிழக அரசு முடிவெடுத்தது. அதில் பட்டதாரி ஆசிரியர் இடங்கள் 5,154. அவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் என்று அறிவித்து, பிறகு 15,000 ஆக்கினார்கள். அதே பாடத்தை நடத்தும் நிரந்தர ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 36,400இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பள்ளி திறந்தது ஜூன் 13. ஜூலை பிறந்தும் நியமனம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காக நின்றது.

நகரத்துப் பிள்ளைக்கு டியூஷனாவது இருக்கிறது. சுண்ணாம்புக்குளம் போன்ற பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில், வகுப்பில் நிற்பவரை விட்டால் பெரும்பாலும் வேறு ஆளில்லை. ஆந்திர எல்லை என்பதால் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, பள்ளியில் தமிழ்.

இந்த ஏரி மீனவர்களிடம் தலைமுறைகளாகப் பாடு முறை உண்டு. யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு, முறை மாற்றிக்கொள்வார்கள். நிகழ்தகவு நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஐந்து குழு, ஐந்து இடம், அதில் இறால் நன்றாகப் படுகிற இடம் ஒன்று என்று வையுங்கள். முதலில் சீட்டெடுப்பவருக்கு அது விழ வாய்ப்பு 1/5. "அப்போ முதல்ல எடுக்கிறவருக்குத்தானே லாபம், சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், கரும்பலகையில் 4/5 × 1/4 என்று பெருக்கிக் காட்டலாம். இரண்டாமவருக்கும் அதே 1/5தான். தாத்தா காலத்து முறை நியாயமானது என்று அந்தப் பிள்ளையே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளும்.

இப்படி நடத்த, ஆசிரியர் அந்தக் கரையை அறிந்திருக்க வேண்டும். அதற்கு ஓரிரு வருடமாவது ஆகும். கல்வியாண்டு முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டால், ஜூனில் வருகிற புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் எழுதித் தேறி, 15,000க்கு வந்து நிற்பவரைக் குறைசொல்லி என்ன பயன்?

தொகுப்பூதியத்தில் எடுத்த ஆசிரியர்களை 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்த மாநிலம் இது. காலியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் ஜூனுக்கு முன்பே நிரப்புங்கள். அதுவரை, இருக்கிற கணக்கு ஆசிரியரை அதே பள்ளியில் தொடர விடுங்கள். பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுங்கள்.