நாத்து நடுறது பெண்கள்... பட்டா ஆண்கள் பேரில்! டெல்டாவில் பெண்கள் தொழிலதிபர் ஆவதற்கு தடை எது?

தஞ்சாவூர்: குறுவை, சம்பா, தாளடி... எந்த சாகுபடியாக இருந்தாலும் டெல்டாவில் நாற்று நடவும், களை எடுப்பும் பெண்கள் கையில்தான். ஆனால் களத்தை விட்டு நெல் கிளம்பி, பணமாக மாறும் இடத்துக்கு வந்துவிட்டால் பெண்களை காணோம். நெல் வியாபாரி, அரிசி ஆலை முதலாளி, உரக்கடைக்காரர், அறுவடை மிஷினை வாடகைக்கு விடுபவர், வைக்கோல் ஏற்றும் லாரி உரிமையாளர் என்று வரிசையாக பார்த்தால், பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பெண்கள் தொழிலே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இட்லி மாவு, பூ கட்டுவது, தையல், கறவை மாடு, முறுக்கு, வடகம், இட்லி கடை என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எல்லாமே சின்ன முதல், சின்ன லாபம். 10 வருஷம் கழித்து பார்த்தாலும் அதே திண்ணை, அதே கிரைண்டர்.

"பொம்பளைங்களுக்கு ரிஸ்க் எடுக்க பயம்" என்று இதற்கு ஒரு காரணம் சொல்லப்படுவது உண்டு. ஆனால் கந்து வட்டிக்கு வாங்கி, வாரத் தவணை கட்டி, பள்ளிக்கூட பீஸும் கட்டும் பெண்களுக்கா பயம்? பிரச்சினை மனசில் இல்லை. பீரோவில் இருக்கிறது. அங்கே இருக்க வேண்டிய பத்திரமும் பட்டாவும் அவர்கள் பேரில் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

கணக்கு என்ன சொல்லுது?

மத்திய அரசின் 6-வது பொருளாதார கணக்கெடுப்பு 2013-14-ல் வந்தது. அதன்படி நாடு முழுவதும் பெண்கள் சொந்தமாக நடத்திய தொழில்கள் சுமார் 80 லட்சம். மொத்த தொழில்களில் இது 14 சதவீதம் கூட இல்லை. இதில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. சுமார் 10.87 லட்சம் தொழில்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெண்கள் நடத்திய தொழில்களில் 100-க்கு 83-ல் சம்பளத்துக்கு ஒரு ஆள் கூட கிடையாது. எல்லா வேலையும் அவரே, இல்லாவிட்டால் வீட்டு ஆட்கள். 100-க்கு 79 தொழில்கள் சொந்த காசில் ஓடியவை. அதாவது வங்கிக் கடன் வந்து சேரவில்லை. கடன் இல்லாவிட்டால் மிஷின் இல்லை. மிஷின் இல்லாவிட்டால் ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் தொழில் வளராது.

நிலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பெண்கள் பேரில் இருந்த சாகுபடி நிலக் கணக்குகள் சுமார் 14 சதவீதம்தான்.

பட்டா இருந்தால் என்ன கிடைக்கும்?

டெல்டாவில் நிலம் என்பது வெறும் சோறு போடும் வயல் அல்ல. எல்லா கதவுக்கும் அதுதான் சாவி. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் அதே சிட்டா, அடங்கல். நெல் பணம் வங்கிக் கணக்கில் ஏறும். யார் கணக்கில்? பேப்பரில் பேர் இருப்பவர் கணக்கில். பயிர் இன்சூரன்ஸ், வருஷம் 6 ஆயிரம் ரூபாய் தரும் பி.எம். கிசான் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

மழையில் நின்று நட்டவர் பேர் எந்த பேப்பரிலும் வராது. 5 வருஷம் இப்படி ஒருவர் கணக்கில் மட்டும் நெல் பணம் வரவு வைத்தால், வங்கிக்கு அவரை தெரியும். மேனேஜர் பேர் சொல்லி கூப்பிடுவார். அவர் நாளைக்கு டிராக்டர் லோன் கேட்டால் பைல் நகரும். அதே வீட்டுப் பெண் மாவு மில் வைக்க லோன் கேட்டு போனால், "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

கோயில் நிலம், மடத்து நிலம் குத்தகைக்கு எடுத்து சாகுபடி செய்யும் குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம். அங்கேயும் குத்தகை ரசீது பெரும்பாலும் ஆண் பேரில்தான் வெட்டப்படுகிறது.

பங்கு போகும் இடம்: விடுதலைப் பத்திரம்

சட்டம் இல்லையா என்றால், தமிழ்நாட்டில் மத்திய அரசுக்கு முன்பே வந்தது. இந்து குடும்பங்களில் பூர்வீக சொத்தில் மகளுக்கும் மகனுக்கு சமமான பங்கு என்று 1989-ல் மாநில அரசு சட்டத்தை திருத்தியது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு கோடு போட்டுவிட்டார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்திய அரசின் திருத்தம் அந்த கோட்டை அழித்தது. கல்யாணம் ஆனவரோ, ஆகாதவரோ, மகள் என்றால் பங்கு உண்டு. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பதிவு செய்து பிரித்த பாகப்பிரிவினையை கிளற முடியாது.

அப்பா சொந்தமாக சம்பாதித்த சொத்தாக இருந்தால், அவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், மகளுக்கு சம பங்கு என்பது 1956 சட்டத்திலேயே உண்டு. முஸ்லிம், கிறிஸ்தவ குடும்பங்களுக்கு தனித்தனி வாரிசு முறை இருக்கிறது.

சட்டம் கொடுப்பதை சார்பதிவாளர் ஆபீசில் ஒரு கையெழுத்து எடுத்துவிடுகிறது. அதன் பேர் விடுதலைப் பத்திரம். "உனக்குத்தான் கல்யாணத்துக்கு நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சே, தம்பிக்கு விட்டுக்கொடும்மா" என்பார்கள். கையெழுத்து போடாவிட்டால் தாய் வீட்டு உறவு அறுந்துபோகும் என்ற பயம். நாளைக்கு புருஷன் வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் போய் நிற்க அந்த வாசல்தானே இருக்கிறது? அதனால் போட்டுவிடுகிறார்கள். நகையோ அடகுக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து தேய்ந்துபோகிறது. நிலம் தேய்வதில்லை. விலை ஏறிக்கொண்டே போகிறது.

குழுக்கடன் கை கொடுத்தது... ஆனால்?

சொத்து இல்லாத பெண்ணுக்கும் கடன் கிடைக்க ஒரு வழி பிறந்தது. 1989-ல் தர்மபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி இந்த குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. ஜாமீனுக்கு சொத்து வேண்டாம், குழுவே ஜாமீன். டெல்டா கிராமங்களில் பெண்கள் முதல் முறையாக வங்கி படி ஏறியது இதனால்தான். இதை யாரும் குறைத்து சொல்ல முடியாது.

ஆனால் கணக்கு போட்டு பாருங்கள். 12 பேர் உள்ள குழுவுக்கு 5 லட்சம் கிடைத்தால் ஒருத்தருக்கு 41 ஆயிரம் சொச்சம். அதில் மாடு வாங்கலாம், தையல் மிஷின் வாங்கலாம். ரைஸ் மில் வைக்க முடியுமா? 2015-ல் வந்த முத்ரா திட்டத்திலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கணக்குகள் பெண்கள் பேரில்தான். ஆனால் பெண்கள் வாங்கியதில் பெரும்பாலானவை 50 ஆயிரத்துக்கு உட்பட்ட 'சிசு' கடன்கள்.

தனியார் மைக்ரோ பைனான்ஸ் கடனில் இன்னொரு சிக்கல். கடன் வாங்கிய கொஞ்ச நாளிலேயே தவணை ஆரம்பித்துவிடும். வாரா வாரம் கட்ட வேண்டும் என்றால் தினமும் காசு புரளும் தொழில்தான் செய்ய முடியும். 6 மாதம் காத்திருந்து லாபம் பார்க்கும் நெல் வியாபாரத்துக்கோ, ஆலைக்கோ அந்த பணம் லாயக்கில்லை. ஆக, ஆணுக்கு வருஷக் கணக்கில் தவணை கொண்ட கடன், பெண்ணுக்கு வாரத் தவணை கடன். தொழில் சைஸ் அங்கேயே முடிவாகிவிடுகிறது. தவணை வசூலில் மிரட்டல் அதிகமாகிறது என்ற புகார்களால் 2025-ல் இதை தடுக்க தமிழக சட்டசபையில் தனி மசோதாவே நிறைவேற்ற வேண்டி வந்தது.

கடன் அவங்க பேரில்... கடை இவங்க பேரில்!

பக்கத்தில் இருக்கும் இலங்கையில் நடந்த ஒரு ஆய்வு இந்த விஷயத்தில் ரொம்ப முக்கியமானது. சுனாமிக்கு அடுத்து 2005-ல் காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் ஆய்வாளர்கள் சின்ன வியாபாரிகளை குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, 10 ஆயிரம் அல்லது 20 ஆயிரம் இலங்கை ரூபாய் இலவசமாக கொடுத்தார்கள். ஆண்களின் லாபம் நன்றாக ஏறியது. பெண்களின் லாபம் சராசரியாக ஏறவே இல்லை. "பார்த்தீங்களா, பொம்பளைங்க கையில காசு கொடுத்தா வேஸ்ட்" என்று முடிவு கட்டிவிடலாமா?

பிறகு வேறு ஆய்வாளர்கள் இந்தியா, கானா நாட்டு கணக்கோடு சேர்த்து அதையும் திரும்ப அலசி 2019-ல் வெளியிட்டார்கள். அப்போதுதான் உண்மை தெரிந்தது. வீட்டில் கணவருக்கும் ஒரு தொழில் இருந்தால், மனைவி பேரில் வந்த பணம் அவர் தொழிலுக்குள் போய்விடுகிறது. வீட்டில் மனைவி தொழில் மட்டும் இருந்த இடங்களில், அவர் ஆண்களுக்கு சமமாக லாபம் எடுத்திருக்கிறார்!

நம்ம ஊர் குழுக்கடனிலும் இது நடப்பது தெரிந்த விஷயம்தான். குழுவில் வாங்கியவர் அம்மா. ஆட்டோ ஓட்டுவது அப்பா. தவணை கட்டாவிட்டால் வாசலில் வந்து நிற்பது அம்மாவை தேடி.

வெண்மணிக்கு பிறகு நடந்தது

பெண் பேரில் பட்டா வந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்டாவிலேயே சாட்சி இருக்கிறது.

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலி குடும்பங்களை சேர்ந்த 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இன்று அந்த ஊர் நாகை மாவட்டத்தில் இருக்கிறது. அந்த கொடுமைக்கு பிறகு கீழ தஞ்சைக்கு வந்து வேலை செய்தவர்கள்தான் கிருஷ்ணம்மாளும் அவரது கணவர் ஜெகந்நாதனும். காந்திய வழிக்காரர்கள்.

1981-ல் 'லாப்டி' எனப்படும் உழுபவனின் நில உரிமை இயக்கத்தை தொடங்கினார்கள். நிலச்சுவான்தாரர்களிடம் பேசி விலைக்கு நிலம் வாங்குவது, அதற்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்வது, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்துக் கொடுப்பது, விளைச்சலில் கடனை அடைப்பது. இதுதான் முறை. இயக்கத்தின் பேரில் 'உழுபவன்' என்று இருந்தாலும் பத்திரம் எழுதியது பெண்கள் பேரில்! இப்படி சுமார் 13 ஆயிரம் ஏக்கர் கை மாறியிருக்கிறது.

ஏன் பெண்கள் பேரில்? ஆண் பேரில் இருந்தால் அவசரத்துக்கோ, டாஸ்மாக்குக்கோ நிலம் அடகு போய்விடும் என்பது ஊர் அறிந்த கதை. பெண் பேரில் இருந்தால் பிள்ளைக்கு நிற்கும். நிலத்தோடு அவர்கள் நிறுத்தவும் இல்லை. சாகுபடி இல்லாத மாதங்களில் கையில் காசு வர பாய் பின்னுதல், தையல், தச்சு, கொத்து வேலை என்று பயிற்சிகளும் நடத்தினார்கள். கிருஷ்ணம்மாளுக்கு 1989-ல் பத்மஸ்ரீ, 2020-ல் பத்மபூஷண் கிடைத்தது. 2008-ல் மாற்று நோபல் எனப்படும் சுவீடன் நாட்டு விருது கணவன், மனைவி இருவருக்கும் கிடைத்தது.

ஒரு ஏக்கரில் யாரும் தொழிலதிபர் ஆகிவிட முடியாதுதான். ஆனால் அந்த ஒரு ஏக்கர், கூலிக்காரியை "நிலத்துக்காரம்மா" ஆக்குகிறது. கொள்முதல் நிலையத்தில் மூட்டை அவர் பேரில் ஏறும்.

திட்டங்களில் என்ன இருக்கு?

* சொத்து பதிவு: 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை வீடு, மனை, விவசாய நிலம் பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு அறிவித்தது. 10 லட்சம் சொத்துக்கு 10 ஆயிரம் மிச்சம்.

* நன்னிலம் திட்டம்: நிலமில்லாத ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க தாட்கோ மூலம் 50 சதவீத மானியம், அதிகபட்சம் 5 லட்சம் என்று 2023-ல் கொண்டுவரப்பட்டது.

* பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டம்: 2008-ல் தொடங்கியது. கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு 35 சதவீத மானியம், கைக்காசு 5 சதவீதம் போதும் என்பது இதன் விதி. 10 லட்சம் ரூபாய் தொழிலுக்கு கைக்காசு 50 ஆயிரம், மானியம் 3.5 லட்சம். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஆண்களுக்கும் இதே 35 சதவீதம்தான். டெல்டாவில் பெரும்பாலோர் அந்த வகுப்பினர் என்பதால், பெண் என்பதற்காக தனி சலுகை என்று எதுவும் மிஞ்சுவதில்லை. மானியமும் உடனே கையில் வராது. 3 வருஷம் வங்கியில் டெபாசிட்டாக நிற்கும்.

* உணவு தொழில்: 2020-ல் வந்த மத்திய அரசின் சிறு உணவு பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். குழுவில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு 40 ஆயிரம் வரை தொடக்க நிதி. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவு தொழில்நுட்ப நிறுவனத்தில் இதற்கான பயிற்சியும், புதிதாக தொழில் தொடங்குபவர்களுக்கான வளர் மையமும் உண்டு.

எந்த திட்டத்திலும் மானியத்தை அரசு தரும், கடனை வங்கிதான் தர வேண்டும். அங்கேதான் பைல் நிற்கும். சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. இதை தெரிந்து வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

கையெழுத்து போடும் முன்...

விடுதலைப் பத்திரம் என்று பேச்சு வந்தால் உடனே பேனாவை எடுக்க வேண்டாம். முதலில் வில்லங்க சான்று போட்டு பாருங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு சட்ட ஆலோசனை இலவசம். விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்தால் கூட, என்ன மதிப்புள்ள பங்கை விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள்.

குழுக்கடன் வாங்கினால் அந்த பணம் எந்த தொழிலில் இறங்கியது, லாபம் யார் கணக்கில் ஏறுது என்று நோட்டு போட்டு எழுதி வையுங்கள். உதயம் பதிவை ஆதார் வைத்து இலவசமாக உங்கள் பேரிலேயே எடுங்கள். தொழில் வரவு செலவை உங்கள் பேரில் உள்ள கணக்கிலேயே நடத்துங்கள். 2 வருஷம் அந்த பாஸ்புக் ஒழுங்காக இருந்தால், அடுத்த கடனுக்கு அதுவே பேசும்.

வீட்டில் அடுத்து ஒரு மனையோ, அரை ஏக்கரோ வாங்கும் பேச்சு வரும்போது, "யார் பேரில்?" என்ற கேள்வியை பத்திரம் எழுதும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. எழுதிய பிறகு கேட்டு பிரயோஜனம் இல்லை.