இணையத்தளத்திற்கு எம்மொழி?

மொழி என்றதும் தமிழ்த்துறையார் நெஞ்சில் எழுவன தமிழும் அதன் கிளைமொழிகளுமே. ஆயினும் சென்ற கல்வியாண்டில் எம் துறைக்கு வேறொரு வகை மொழிச்சிக்கல் நேர்ந்தது. துறை நூலகத்தின் நூற்பட்டியலை இணையத்தில் ஏற்ற வேண்டும். அதனை இயக்கும் நிரலை எந்தக் கணினி மொழியில் எழுதுவது? அறிந்த நண்பர் ஐவரை வினவினோம். ஐவரும் ஐந்து மொழிகளைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தாம் கற்ற மொழியையே சிறந்ததெனச் சொன்னார்கள் என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று. அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்த வழியில் நாம் அறிந்துகொண்டவற்றை ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

இணையப்பக்கங்கள் இருவகைப்படும். எழுதி வைத்தபடியே எல்லார்க்கும் ஒரே வடிவில் தோன்றுவன ஒருவகை. அவை அச்சிட்ட துண்டறிக்கை போல்வன. கேட்பவர் கேட்டதற்கேற்ப அவ்வப்போது ஆக்கித் தரப்படுவன மற்றொரு வகை. 'உமறுப்புலவர்' எனத் தேடுவோர்க்கு ஒரு பட்டியலும், 'கலம்பகம்' எனத் தேடுவோர்க்கு வேறொரு பட்டியலும் தருவதாயின், பக்கத்தை ஆக்கும் வேலையை எங்கேனும் ஒரு நிரல் செய்தாக வேண்டும். அவ்வேலையைப் படிப்பவரின் கணினியில் அன்றி, தளம் குடியிருக்கும் வழங்கிக் கணினியிலேயே செய்வது வழங்கிப்பக்க நிரல். சீட்டை நீட்டினால் உள்ளே சென்று நூலை எடுத்துவரும் நூலக உதவியாளரை இதற்கு உவமை கூறலாம்.

இதன் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த என்.சி.எஸ்.ஏ. மையத்தில் 1993-இல் சிஜிஐ என்னும் முறை வகுக்கப்பட்டது. வழங்கியானது தனக்கு வரும் வேண்டுகோளை வேறொரு நிரலிடம் ஒப்படைத்து விடை பெறுவதற்கான வழி அது. அந்நாளில் பெரிதும் கையாளப்பட்டது லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்ல் மொழி. அடுத்து, கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் தம் தன்விவரப் பக்கத்தை எத்துணைப்பேர் பார்க்கின்றனர் என்று அறிவதற்காக 1994-இல் எழுதிய சிறு கருவிகளே வளர்ந்து பிஎச்பி மொழியாயின. 1998-இல் சீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் ஆகிய இருவரின் கைவண்ணத்தில் அதன் மூன்றாம் பதிப்பு புத்துருப் பெற்றது. பின்னர் ரூபி மொழிக்கு ரெயில்ஸ் 2004-இலும், பைத்தான் மொழிக்கு ஜாங்கோ 2005-இலும் சட்டகங்களாக வந்தன. பெரிதும் உலாவியில் ஓடிவந்த ஜாவாஸ்கிரிப்டு 2009-இல் நோட்.ஜேஎஸ் வழியாக வழங்கியில் பரவலாகக் கால்கொண்டது.

இத்துணை மொழிகளுள் எது சிறந்தது என்று கேட்பதைவிட, மொழி மாறியதால் ஒரு தளத்திற்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பது பயன் தரும். விக்கிப்பீடியா 2001 சனவரியில் தொடங்கியபோது அதனை இயக்கியது பெர்லில் எழுதப்பட்ட யூஸ்மாட்விக்கி என்னும் நிரல். அது கட்டுரைகளைத் தரவுத்தளத்தில் வைக்காமல் கோப்புகளாகவே வைத்தது. கட்டுரைகளும் படிப்போரும் பெருகப் பெருக அது திணறிற்று. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த மாக்னஸ் மான்ஸ்கே, பிஎச்பியில் தரவுத்தளத்துடன் கூடிய புதிய நிரலை எழுதினார். 2002 சனவரியில் தளம் அதற்கு மாறிற்று. இத்துடன் கதையை நிறுத்தினால் பெர்ல் தோற்றது, பிஎச்பி வென்றது என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் நெரிசல் மிகுந்தபோது அப்புதிய நிரலும் தளர்ந்தது. அவ்வாண்டு சூலையில் லீ டேனியல் கிராக்கர் அதனை மீண்டும் எழுதினார். இம்முறையும் மொழி அதே பிஎச்பி, மாறியது அமைப்பே. பின்னாளில் மீடியாவிக்கி எனப் பெயர்பெற்றது அவ்வழி வந்த நிரலே. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதன்மீதே நிற்கின்றது. ஆகவே, விரைவு குறைந்தவுடன் மொழியைப் பழிப்பது, செய்யுள் சரியாக அமையாதபோது யாப்பைப் பழிப்பது போலாம்.

எனினும் மொழிகளிடையே வேறுபாடு இல்லை என்பது எம் கருத்தன்று. பிஎச்பி நிரல் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாகத் தொடங்கி, விடையைத் தந்ததும் முடிந்துவிடும். ஒன்றில் நேர்ந்த பிழை பெரும்பாலும் அடுத்ததைத் தொடாது. பலர் பங்கிட்டு வாடகைக்குக் கொள்ளும் மலிவான வழங்கிகளிலும் கோப்பை ஏற்றிய அளவிலே அது இயங்கும். பைத்தான், நோட்.ஜேஎஸ் ஆகியவற்றில் எழுதிய நிரலோ பொதுவாக இடையறாது ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் எழுப்பிவிடவும் நினைவகம் நிறைந்தால் கவனிக்கவும் ஏற்பாடு வேண்டும். ஒருவரோடொருவர் உடனுக்குடன் உரையாடும் தளத்திற்கு அவ்வியல்பே வலிமை. நாள்தோறும் சிலரே வந்து நூல் தேடும் பட்டியலுக்கு அது வேண்டாத சுமை.

இங்கே எம் துறையின் கதையொன்றையும் மறைக்காது சொல்ல வேண்டும். எம்மிடம் முன்பே ஒரு நூற்பட்டியல் இணையத்தில் இருந்தது. ஆர்வமிக்க மாணவர் ஒருவர் தாமே முயன்று பிஎச்பியில் எழுதித் தந்தார். ஊர்ப்பெரியோர் தத்தம் இல்லங்களிலிருந்து வழங்கிய பழம்பதிப்புகள் எக்குடும்பத்தாரிடமிருந்து, எந்நிலையில் வந்தன என்னும் குறிப்புகளும் அதில் நேரடியாகப் பதியப்பட்டன. மாணவர் பட்டம் பெற்றுச் சென்றார். சில ஆண்டுகள் கழிந்து வழங்கி நிறுவனத்தார் பிஎச்பியின் ஏழாம் பதிப்பிற்கு மாறிய நாளில் பக்கம் வெறுமையாயிற்று. தரவுத்தளத்தோடு பேச அவர் கையாண்டிருந்த பழைய கட்டளைத் தொகுதி, 2015-இல் வந்த அப்பதிப்பில் அறவே நீக்கப்பட்டிருந்தது. மாற்றுக் கட்டளைகள் ஐந்தாம் பதிப்பிலேயே இருந்தன. பழைய பயிற்சி நூலைப் பார்த்து எழுதியவர்க்கு அது தெரியவில்லை. கடவுச்சொல்லும் எம்மிடம் இல்லை. ஆண்டுக் கட்டணமும் தவறிற்று. நூல்கள் அலமாரியில் இருக்கின்றன, குறிப்புகள் போயின. குறை மொழியினுடையதா என்றால் அன்று. எழுதியவர் ஒருவரைத் தவிர வேறெவரும் படித்தறியாத நிரலை நம்பியிருந்த எமதே குறை.

ஆதலின் இம்முறை நாம் கேட்ட முதல் வினா, இதனை இயற்றுவோர் சென்றபின் யார் பேணுவர் என்பது. இரண்டாவது வினா தமிழாசிரியர்க்கே உரியது: இம்மொழிக்கு எழுத்தெண்ணத் தெரியுமா? 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்பதைச் சிறுவரும் அறிவர். யுனிகோடு குறியேற்றத்திலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள்; யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக மொத்தம் பதினைந்து. பிஎச்பியின் இயல்பான எண்ணும் கட்டளை 15 என்கிறது. பைத்தானின் மூன்றாம் பதிப்பும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கின்றன. நம் கணக்கிற்கு எதுவும் வரவில்லை! பிஎச்பியின் அடிப்படையையே யுனிகோடாக்கும் நோக்குடன் ஆறாம் பதிப்பு திட்டமிடப்பட்டு, பணி பெருகிச் சிக்கலானமையால் 2010-இல் கைவிடப்பட்டது. ஐந்தின்பின் ஏழே வெளிவந்தது. ஆயினும் இன்டெல் என்னும் கூட்டுத்தொகுதியைச் சேர்த்துக்கொண்டால் அம்மொழி 3 என்றே எண்ணும். இஃது என்ன வீண் நுணுக்கம் என்று எண்ணற்க. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்பது விதி. அதனைச் சரிபார்க்கும் பகுதியொன்றும் எம் தளத்தில் வேண்டுமென்பது மாணவர் விருப்பம். 15 என்றெண்ணும் கருவி அங்கு என் செய்யும்?

தேடலிலும் வரிசையிலும் இதே இடர் உண்டு. 'கோ' என்பதை ஒருவர் ககரமும் ஓகாரக்குறியுமாக இரு குறிகளால் உள்ளிடலாம். மற்றொருவரின் விசைப்பலகை கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டு மூன்றாக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. இயல்பாக்கம் செய்தாலன்றித் தேடுவோர்க்கு நூல் கிட்டாது. அகரவரிசையும் அவ்வாறே. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி முறையை ஒட்டி யுனிகோடு அமைந்தமையால், அதில் றகரம் லகரத்திற்கு முன்னும் ழகரம் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் 'மறை' முந்தி 'மலர்' பிந்தும். ஜமால், ஜலால் எனத் தொடங்கும் ஆசிரியர் பெயர்கள், னகரத்திற்குப்பின் இறுதியில் வாராமல் சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே செருகிக்கொள்ளும். மேற்சொன்ன இன்டெல் தொகுதியிலும், பைத்தானில் சேர்த்துக்கொள்ளும் ஐசியு நூலகத்திலும் தமிழ் வரிசைக்கு வழி உண்டு. வாடகை வழங்கியில் அத்தொகுதி இயங்குகின்றதா என்று பணம் கட்டுமுன் கேட்டறிதல் வேண்டும்.

பேணுவோர் யார் என்னும் வினாவிற்கு எம் மாணவரின் பள்ளிப் பாடநூல்களே விடை தந்தன. தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாமாண்டில் 2019-இல் வந்த நூல்களுள், கணினி அறிவியல் நூல் பைத்தானையும் கணினிப் பயன்பாடுகள் நூல் பிஎச்பியையும் கற்பிக்கின்றன. தமிழ் வழியிலும் அவை கிடைக்கின்றன. ஆகவே இவ்விரு மொழிகளுக்கும் ஆண்டுதோறும் புதிய கைகள் வரும். அறிவியல் வகுப்பினர் சிலர் பைத்தானுக்காக வாதாடினர். அதன் தெளிந்த நடையை நாமும் மறுக்கவில்லை. மொழிப்பற்று இத்துறையிலும் குறைவின்றி உண்டு என்பதை அன்று கண்டோம். ஆனால் துறையின் கைப்பணத்திற்கு எட்டியது பங்கிட்டு வாழும் வழங்கியே. ஆதலின் பிஎச்பியைத் தேர்ந்தோம்.

கட்டளைகளைத் தமிழில் விளக்கும் குறிப்பேடு ஒன்றும் கடவுச்சொல் உறையும் துறை அலமாரியில் உள்ளன. பட்டியல் முழுவதும் மாதந்தோறும் வெற்று உரைக்கோப்பாகவும் எடுத்து வைக்கப்படுகின்றது. நாளை எம்மொழிக்கு மாறினும் அதனைப் படிக்கலாம். இரண்டாமாண்டு மாணவர் மூவர் நூல்களை ஒவ்வொன்றாய்த் திறந்து விவரங்களை மீண்டும் உள்ளிடுகின்றனர். எந்நூல் எவ்வீட்டிலிருந்து வந்தது என்னும் பத்தி பலவற்றிற்கு இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது. நூல் வழங்கிய குடும்பத்தார் துறைக்கு வந்து சொன்னால் எழுதிக்கொள்வோம். எழுத்தெண்ணும் பகுதி மட்டும் முடிந்தது. 'தமிழ்' என்று கொடுத்தால் 3 என்கிறது. ஒற்று நீக்கி எண்ணச் சொன்னால் 2 என்கிறது. நேர், நிரை பிரிக்கும் பகுதியை இனித்தான் எழுத வேண்டும்.